இராட்டைக்கு ஏற்ற ஆடு எது?

கண்டாங்கிச் சேலை நெய்யும் காரைக்குடியில் பருத்தி நூலைப் பற்றி எழுதப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட அச்சேலையைப் பற்றி நெசவாள அங்கத்தினர்களுக்கு நாம் புதிதாகச் சொல்லக்கூடியது சொற்பமே. ஆதலின் இம்முறை வேறொரு நூலைப் பற்றி எழுத முற்படுகிறோம். அது கம்பளி நூல்.

நாம் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் சில காலமாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகின்றது. தறி வேலை குறைந்த மாதங்களில் வீட்டுப் பெண்டிர் நூற்பதற்குக் கம்பளி கிடைத்தால் நலமாயிருக்கும். சங்கத்தில் கடன் பெற்று இருபது ஆடு வாங்கினால், நாமே கத்தரித்து, நாமே நூற்று, சால்வையும் விரிப்பும் நெய்து விற்கலாம். இதற்கு எந்த இனத்து ஆட்டை வாங்குவது? இதுவே கேள்வி. கேட்பவர்களிற் சிலர் கையில் மெரினோ ஆட்டின் படத்தையும் வைத்திருக்கிறார்கள். மேகம் ஒன்று கால் முளைத்து நிற்பதுபோல் காணப்படும் அப்படம் யாரையும் மயக்கவல்லது.

கேள்வி நியாயமானதே. கடன் கொடுப்பது சங்கத்தின் காரியம், ஆட்டைத் தேர்வது அங்கத்தினரின் காரியம் என்று நாம் ஒதுங்கிவிடவும் கூடும். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆடு இறந்தால் இன்ஷூரன்ஸ் உண்டு. ஆட்டின் உரோமம் நூற்க உதவாமற் போனால் அதற்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. உரோமம் பயன்படாவிட்டாலும் தவணை நாள் தவறாமல் வந்து நிற்கும். ஆதலால் மனு எழுதுவதற்கு முன்னரே இனத்தைப் பற்றி நன்றாக ஆராய்ந்து கொள்வது நலம்.

நம் மண்ணின் ஆடு

செட்டிநாட்டுச் சரளைப் பொட்டல்களிலும், கண்மாய்க் கரைகளிலும், சீமைக் கருவேலங் காடுகளிலும் மேய்ந்து வருவது இராமநாதபுரம் வெள்ளை என்னும் இனமாகும். பழைய இராமநாதபுரம் ஜில்லா 1985-ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டுச் சிவகங்கை தனி ஜில்லா ஆயிற்று. ஆட்டின் பெயர் மட்டும் பழைய பெயராகவே நின்றுவிட்டது. உடல் பெரும்பாலும் வெண்மை. சிலவற்றில் பழுப்போ கறுப்போ திட்டுக்களாகத் தோன்றும். கிடாவுக்கு முறுக்கிய கொம்பு உண்டு. பெட்டைக்குக் கொம்பு கிடையாது. வெயிலையும் அரைவயிற்று மேய்ச்சலையும் தாங்கி, கீதாரிகளோடு தஞ்சைத் தரணி வரை நடந்து சென்று, வயல்களிற் கிடை கிடந்து திரும்பும் ஆடு இது. இதன் பெருமையில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை.

ஆனால் இதன் முதுகைத் தடவிப் பார்த்தால் வெள்ளாட்டைத் தடவியதுபோல் இருக்கும். குட்டையான, நேரான மயிர். அடியில் பஞ்சுபோன்ற படலம் இல்லை. இதைக் கத்தரித்தால் கிடைப்பது தூரிகை செய்வதற்கு ஆகலாம், இராட்டையில் ஏறாது. வேம்பூர்ப் பொட்டு ஆடும், கீழக்கரிசலும், மதுரைப் பக்கத்துக் கச்சைகட்டிக் கறுப்பும், தெற்கே செவ்வாடும், வடக்கே சென்னைச் சிவப்பும், சேலம் பக்கத்து மேச்சேரியும் இவ்வகையைச் சேர்ந்தனவே. மேச்சேரி ஆட்டின் தோலுக்குத் தோல் பதனிடுவோரிடம் தனி மதிப்பு உண்டு. அதன் முதுகிலும் கத்தரிக்கு வேலை இல்லை.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் 38, 40 டிகிரி வெப்பத்தில் நாள் முழுதும் நடந்து மேயும் பிராணி கம்பளி போர்த்திக்கொண்டு நடக்குமா? அன்றியும் உரோமம் என்பது கந்தகம் கலந்த புரதப் பொருள். காய்ந்த புல்லையும் கருவேலங்காயையும் தின்று வாழும் ஆடு, தனக்குக் கிடைக்கும் சிறிதளவு புரதத்தை உயிர் தாங்கவும் குட்டிக்குப் பால் கொடுக்கவும் செலவிடுமேயன்றி முதுகில் செலவிடாது. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். உரோமம் அடர்ந்த ஆட்டைக் குரும்பாடு என்று தனிப் பெயரிட்டே வழங்கினர். கேள்வி கேட்கும் அங்கத்தினர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது, நமக்கு வேண்டியது குரும்பாடு என்பதையே.

கம்பளியின் தரம்

பருத்தியில் பழகிய கைக்குக் கம்பளியின் தரம் எளிதிற் பிடிபடும். பஞ்சில் இழை நீளமும் மென்மையும் பார்க்கிறோம் அல்லவா? இங்கும் அவையே. இழையின் தடிப்பை மைக்ரான் என்னும் அளவாற் குறிப்பர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மெரினோ ஆட்டின் இழை ஏறத்தாழ 18 முதல் 24 மைக்ரான். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட தடித்த இழைகள் துணியில் மிகுந்தால் அது உடம்பிற் குத்தும். எனவே தோளிற் போடும் சால்வைக்கு ஒரு கம்பளி, தரையில் விரிக்கும் சமுக்காளத்துக்கு வேறொரு கம்பளி என்பது இயற்கையாகவே அமைந்த பிரிவினை. ஆட்டை வாங்குமுன் எதை நெய்யப் போகிறோம் என்று முடிவு செய்யாத சங்கம் நூல் வந்த பிறகு தவிக்க நேரிடும்.

மற்றொன்றும் உண்டு. நம் நாட்டுக் குரும்பாடுகளின் உரோமத்தில் மெல்லிய கம்பளி இழையோடு நடுவில் குழலோடிய தடித்த மயிரும், சுண்ணாம்புக் குச்சிபோல் வெளுத்து எளிதில் முறியும் செத்த மயிரும் கலந்திருக்கும். இச்செத்த மயிர் சாயம் ஏற்காது, நூற்கும்போது உதிரும், உதிராமல் தங்கினால் துணியில் முள்ளாய் நீட்டி நிற்கும். நூற்போருக்கு இதுவே முதற் பகை. இது குறைந்த ஆடே நல்ல ஆடு.

மலையிலிருந்து இறக்கலாமா?

தமிழ்நாட்டில் மென்மையான கம்பளி தரும் சொந்த இனம் ஒன்றே ஒன்று உண்டு. அது நீலகிரி ஆடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையிற் குடியேறிய வெள்ளையர்கள் கொண்டுவந்த டாஸ்மேனியா மெரினோ, செவியட், சௌத்டவுன் கிடாக்களைக் கோயம்புத்தூர்க் குரும்பை ஆட்டோடு சேர்த்ததன் விளைவாக அது உருவாயிற்று. வெண்ணிறம், வளைந்த மூக்கு, அகன்று தொங்கும் காது, கொம்பில்லாப் பெட்டை. உரோமம் சராசரி 27 மைக்ரானையொட்டியது. செத்த மயிரும் குறைவு. ஆண்டுக்கு ஆடொன்றுக்குக் கிலோவையொட்டிக் கிடைக்கும். ஆஸ்திரேலிய மெரினோ நான்கைந்து கிலோ தருவதை எண்ணினால் இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கைந்நூற்புக்கு இதைவிட இணக்கமான கம்பளி தென்னாட்டிற் கிடையாது என்பது நம் அபிப்பிராயம்.

உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லாவில், ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. நீலகிரி ஆட்டைக் காப்பதும், அதனோடு மெரினோ, ராம்பூயே இனங்களைக் கலந்து அமைத்த சாண்டினோ என்னும் ஆட்டைப் பெருக்குவதும் அங்கு நடைபெறும் பணிகள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசாங்கத்தின் ஆராய்ச்சி மையம் ஒன்று 1965-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. இராஜஸ்தானத்து அவிகாநகரில் 1962-ல் அமைந்த மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்னாட்டுக் கிளை அது. அங்கே பாரத் மெரினோ ஆடுகளைக் காணலாம். வட இந்திய ஆடுகளோடு ராம்பூயே, சோவியத் மெரினோ கிடாக்களைச் சேர்த்து வளர்த்த இனம்; இழை 20 மைக்ரானையொட்டியது; உரோமம் ஆண்டுக்கு இரண்டு கிலோவுக்கு மேல்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, அவற்றில் இருபதை லாரியில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். மலையிலிருந்து நம் ஊர் ஆறாயிரம் அடிக்கு மேல் இறக்கம். அங்கே பனியைத் தடுத்த அதே போர்வை இங்கே உடற்சூட்டை வெளியேற விடாது. ஆடு பகல் முழுதும் நிழல் தேடி மூச்சு வாங்கும், மேய்ச்சல் குறையும், கிடாவின் விந்து கெடும், சினை தங்காது. வடகிழக்குப் பருவமழையோடு நம் சமவெளியில் பரவும் நீலநாக்கு நோய், நுண்ணிய கடிபூச்சிகளால் ஆட்டுக்கு ஆடு தாவுவது. அயல்நாட்டு இரத்தம் கலந்த ஆடுகளை அது மிகக் கடுமையாகத் தாக்கும். உரோமத்தின் கதையோ வேறு. ஊசிப்புல், நாயுருவி, நெருஞ்சி இம்மூன்றும் நிறைந்த நம் பொட்டலில் மென்மையான அடர்ந்த உரோமம் ஒரே மாதத்தில் முட்குப்பை ஆகிவிடும். அதை எடுத்துச் சுத்தம் செய்யும் கூலி கம்பளியின் விலையை விழுங்கும்.

ஆகவே கடன் மனுவில் மெரினோ என்ற சொல்லைக் கண்டால், கமிட்டி அங்கத்தினர்கள் அதை ஒருமுறைக்கு இருமுறை படிப்பது நல்லது. ஆடு விற்கும் தரகர் தருகிற உறுதிமொழி எதுவும் உயரமான மலையைக் காரைக்குடிக்குக் கொண்டுவராது.

சிலர் வேறொரு யுக்தி சொல்கிறார்கள். நம் இராமநாதபுரம் வெள்ளைப் பெட்டைக்கு மெரினோ இரத்தமுள்ள கிடாவைச் சேர்த்தால் வெயிலும் தாங்கும், கம்பளியும் தரும் என்பது. முதற் தலைமுறைக் குட்டி பார்வைக்கு அழகாகவே இருக்கும். அதன் உரோமமோ பாதி மயிரும் பாதி கம்பளியுமாய், நீளம் ஒவ்வாமல், செத்த மயிர் மலிந்து நூற்பவர் பொறுமையைச் சோதிக்கும். இரண்டாம் தலைமுறையில் குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஒரு புது இனம் நிலைபெறுவதற்கு ஆராய்ச்சி நிலையங்களுக்கே நூற்றுக்கணக்கான ஆடுகளும் பல்லாண்டுக் காலமும் வேண்டியிருந்தன. இருபது ஆட்டையும் ஐந்தாண்டுத் தவணையையும் வைத்துக்கொண்டு அங்கத்தினர் அவ்வேலையில் இறங்குவது தகாது.

கருங்குரும்பை

இனி நமக்கு அண்மையில் உள்ள குரும்பாட்டைப் பார்ப்போம். பெரம்பலூர், அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் வளர்வது திருச்சிக் கறுப்பு. ஊராரின் வழக்கில் கருங்குரும்பை. சிறிய உடல், வளர்ந்த பெட்டை இருபது கிலோவையொட்டியே இருக்கும். முழுக் கறுப்பு நிறம். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. காது சிறியது, வால் குட்டை. நம் நாட்டு வெயிலும் வறட்சியும் அதற்குப் புதியன அல்ல. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை தாண்டினால் அதன் நாட்டை எட்டிவிடலாம்.

அதன் உரோமம் முரடானது என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. திறந்து கிடக்கும் மேற்போர்வை; தடித்த மயிர் மிகுதி. ஆடொன்றுக்கு ஆண்டில் அரைக்கிலோ கிடைத்தால் திருப்தியடைய வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரும்பை இதற்குச் சகோதர இனம். வெண்ணிற உடலில் கறுப்போ பழுப்போ புள்ளி. இழை சராசரி 41 மைக்ரான் அளவு. ஆதலின் இவ்விரண்டிலும் சால்வை நெய்ய நினைப்பவர் அந்நினைப்பை விட்டுவிட வேண்டும். ஆனால் கம்பளி, தரைவிரிப்பு, கட்டில் விரிப்பு, பூசைக்கு உட்காரும் ஆசனம், திண்ணைப் பாய் ஆகியவற்றுக்கு இம்முரட்டு நூலே ஏற்றது. மென்மையான கம்பளியில் நெய்த தரைவிரிப்பு ஓராண்டில் தேய்ந்துவிடும்; முரட்டுக் கம்பளி மிதிபடுவதற்கென்றே பிறந்தது. உலகில் பெயர்பெற்ற பிக்கானீர்க் கம்பளங்களும் தடித்த இழை கலந்த கம்பளியாலேயே ஆனவை.

கறுப்பு நிறம் குறையன்று. சாயச் செலவு மிச்சம். வெளுக்கும் பயமும் இல்லை. உரோமத்தின் நுனி மட்டும் வெயிலில் செம்பட்டையாகும். அதனால் நூலில் ஒரு பழுப்புச் சாயல் ஓடும். நகரத்து வாங்குவோர் இன்று இதையே விரும்பிக் கேட்கிறார்கள்.

இவ்வாட்டை வளர்த்து, அதன் உரோமத்தை நூற்றுக் கம்பளி நெய்த குறும்பர் குலத்தார் பல ஜில்லாக்களில் உண்டு. கர்நாடகத்திலும் தெலுங்கு நாட்டிலும் குருபர்கள் தக்கணத்து ஆட்டின் கறுத்த உரோமத்தில் இத்தொழிலைச் செய்து வந்தனர். மில் போர்வைகள் மலிந்தபின் முரட்டுக் கம்பளிக்கு விலை வீழ்ந்தது. கத்தரிக்கும் கூலிக்கே உரோமம் ஈடாகாத நிலை பல இடங்களில் ஏற்பட்டது. மேய்ப்பவர் என்ன செய்வார்? இறைச்சி மிகுந்த மயிராட்டுக் கிடாவைக் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு மூன்று தலைமுறைகளில் மந்தையிலிருந்து கம்பளி மறைந்தது. தக்கணத்தில் நூற்கத் தெரிந்த கை இருக்க உரோமம் இல்லாமற் போன ஊர்கள் பல. நீலகிரி ஆடும் எண்ணிக்கையில் மிகக் குறைந்து காப்பாற்றப்பட வேண்டிய நிலைக்கு வந்திருக்கின்றது. மேய்ப்பவரைக் குறை சொல்வதற்கில்லை. உரோமத்தை விலை கொடுத்து வாங்குவோர் இல்லாதபோது அதை வளர்க்கும் கடமை அவருக்கு ஏது?

கணக்கு என்ன சொல்கிறது?

இருபது கருங்குரும்பைப் பெட்டையும் ஒரு கிடாவும் வாங்கியதாகக் கொள்வோம். ஆடொன்றுக்கு அரைக்கிலோ வீதம் ஏறத்தாழப் பத்துக் கிலோ உரோமம். தூசும் முள்ளும் அழுக்கும் போக ஏழு அல்லது எட்டுக் கிலோ நிற்கும். ஒரு கம்பளிக்கு இரண்டு கிலோ என்றால் நான்கு கம்பளி. ஆண்டு முழுதும் இருபத்தோர் ஆட்டை மேய்த்ததற்கு நான்கு கம்பளி! கம்பளியை மட்டும் நம்பி எந்தக் கடனும் அடையாது. இக்கணக்கைப் போட்டுக் காட்டியதும் சில முகங்கள் வாடுவதைக் கண்டிருக்கிறோம்.

எனவே தவணையை அடைப்பவை குட்டிகளும் எருவுமே. இருபது பெட்டையில் ஆண்டுக்குப் பதினைந்து குட்டி பிறந்து, சாவு போகப் பன்னிரண்டு விற்றால் அதுவே முதன்மை வருமானம். எருவின் மதிப்பை இப்பத்திரிகையைப் படிக்கும் விவசாய அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆட்டெரு அவ்வருஷமே பலன் தரும் என்பது பழைய சொல். ஒரு கிராமத்தில் நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் இருக்குமானால், நிலக்கடலைக் கொடியும் அறுவடை வயலின் மேய்ச்சலும் ஒரு பக்கத்திலிருந்து வர, கிடை எரு மறுபக்கம் செல்ல ஏற்பாடு செய்யலாம். கடலைக் கொடி தின்ற ஆட்டுக்கும் வெறும் பொட்டலில் மேய்ந்த ஆட்டுக்கும் உரோமத்திலேயே வித்தியாசம் தெரியும். பட்டினி கிடந்த மாதத்தில் வளர்ந்த இழை அவ்விடத்தில் மெலிந்து, நூற்கும்போது அங்கேயே அறும்.

இவ்வாறு பார்க்கையில் நம் கருத்து இரண்டாகப் பிரிகின்றது. சால்வைக்கு மென்மையான நூல் வேண்டுவோர் ஆடு வாங்கலாகாது. உரோமம் வாங்க வேண்டும். பத்துக் கிலோ நல்ல உரோமம் ஒரு வீட்டுப் பெண்டிரின் இராட்டையைப் பல மாதங்கள் ஓட்டும். அதற்காக மலையாட்டை வெயிலில் வாட்டுவானேன்? நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் ஆடு வளர்ப்போரிடமிருந்தும் நிலையங்களிலிருந்தும் கத்தரிப்புக் காலத்தில் சங்கத்தின் பெயரால் உரோமம் வாங்க முடியுமா என்று எழுதிக் கேட்பது கமிட்டியின் வேலை. தனி ஒருவர் ஐந்து கிலோ கேட்டால் பதில் வராமற் போகலாம். சங்கம் ஐம்பது கிலோ கேட்டால் பதில் வரும்.

விரிப்பும் கம்பளியும் நெய்ய விரும்பி, மேய்ச்சலும் மேய்ப்பதற்கு ஆளும் உள்ள அங்கத்தினர் மட்டும் கருங்குரும்பை வாங்கலாம். குட்டி விலையில் அது இராமநாதபுரம் வெள்ளைக்குச் சற்றுத் தாழ்ந்ததே, உடல் சிறியது. அத்தாழ்வை விரிப்பின் விலை ஈடுசெய்யுமா என்பதை முதலிற் பத்து ஆட்டில் பார்த்துவிட்டுப் பிறகு பெருக்குவதே விவேகம். இருபதுக்கு மனு எழுதியவரைப் பத்துக்குக் குறைக்கச் சொன்னால் வருத்தப்படுகிறார். கடனிற் பாதி மிச்சமாவதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கலப்பு மந்தையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பட்டியில் இராமநாதபுரம் வெள்ளையும் கருங்குரும்பையும் சேர்ந்திருக்கலாம். கிடா மட்டும் சேரலாகாது. மயிராட்டுக் கிடா ஒன்று காவலில்லாமல் உலவினால் தக்கணத்து மந்தைகளுக்கு நேர்ந்தது நம் பட்டியிலும் மூன்றே ஆண்டில் நேரும். சேர்க்கைக் காலம் தவிர மற்ற நாட்களில் கிடாவைத் தனியே கட்டுவது உத்தமம்.

வாங்கும்போது

சந்தையைவிட மேய்ப்பவரின் பட்டிக்கே சென்று வாங்குவது மேல். அங்கே தாயையும் குட்டியையும் ஒருங்கே காணலாம். பல்லைப் பார்த்து வயதை அறிவது கிராமத்தார் அனைவரும் அறிந்ததே. இரண்டு பல், நான்கு பல் பெட்டைகளே நமக்கு வேண்டும். பல் முழுதும் சேர்ந்து தேய்ந்த ஆடு விலை மலிவாயிருப்பதற்குக் காரணம் உண்டு.

பிறகு உரோமம். தோளிலும், விலாவின் நடுவிலும், பின்தொடையிலும் ஆக மூன்று இடத்தில் விரலால் வகிர்ந்து பார்க்க வேண்டும். பின்தொடையிலேயே முரட்டு மயிர் மிகுதி. அங்கும் ஓரளவு மென்மை இருந்தால் மற்ற இடங்களைப் பற்றிக் கவலை வேண்டா. விலாவிலிருந்து ஒரு சிட்டிகை பிடுங்கி, கையாலேயே முறுக்கிப் பார்க்கவும். இழைகள் ஒன்றையொன்று பற்றி நூலாக நின்றால் நல்லது. வழுக்கிப் பிரிந்து நிமிர்ந்தால் அது மயிர். நீளம் விரற்கடை மூன்றுக்குக் குறையலாகாது. வெள்ளை உரோமத்தைக் கறுப்புத் துணியின் மேலும், கறுப்பு உரோமத்தை வெள்ளைத் துணியின் மேலும் பரப்பிப் பார்த்தால் செத்த மயிர் தானே தெரியும். பெண்டிரே இச்சோதனையைச் செய்யட்டும். நூற்கப் போகிறவரின் விரல் ஏமாறாது.

கிடாவைப் பொறுத்தவரை இச்சோதனையை இருமடங்கு கண்டிப்பாகச் செய்ய வேண்டும். ஒரு பெட்டையின் குணம் அதன் குட்டியோடு நிற்கும்; கிடாவின் குணம் பட்டி முழுதும் பரவும். இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடாவை மாற்றாவிட்டால் மகளோடு தந்தை சேர்ந்து குட்டிகள் சோம்பும். பக்கத்துச் சங்கத்தோடு கிடாவை மாற்றிக்கொண்டால் செலவும் இல்லை.

ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, ஆட்டம்மை, நீலநாக்கு ஆகியவற்றுக்குத் தடுப்பூசிகள் உண்டு. எதை எந்த மாதத்தில் போடுவது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, சங்கத்துப் பதிவேட்டிலேயே எழுதிவைக்க வேண்டும். செட்டிநாட்டில் அரசாங்க மாவட்டக் கால்நடைப் பண்ணை நமக்கு அருகிலேயே இருக்கின்றது. மனுப் போடுமுன் ஒருநாள் அங்கே சென்று, பராமரிப்பைக் கண்டு, அங்குள்ள மருத்துவர்களைக் கேட்டுத் தெளிந்து வருவது பேருந்துக் கட்டணத்துக்கு மேல் செலவில்லாத படிப்பாகும்.

கத்தரிப்புக்கு ஆண்டில் இரண்டு காலம் ஏற்றது: மழை ஓய்ந்து புல் முற்றிய பின் மாசியில் ஒருமுறை, மழைக்கு முன்னர் உரோமம் மீண்டும் தழைக்க நாள் விட்டு ஆவணியில் ஒருமுறை. முதல் நாள் ஆட்டைக் குளிப்பாட்டி, மணலற்ற இடத்தில் உலரவிட வேண்டும். குளிப்பாட்டுவது கண்மாயில், ஊருணியில் அன்று. ஊருணி குடிநீருக்கு உரியது என்பதை மறந்த ஆட்டுக்காரருக்கும் ஊராருக்கும் எழுந்த சண்டையைத் தீர்க்கும் பணியும் சில வேளை நம் தலையில் விழுந்திருக்கின்றது.

கத்தரித்த உரோமத்தை இளஞ்சூடான நீரில் பூந்திக்கொட்டைச் சாறோ சோப்போ கலந்து ஊறவைத்து, அழுத்தித் தேய்க்காமல் எடுத்து நிழலில் உலர்த்தவும். பருத்தித் துணியைத் துவைப்பதுபோல் கல்லில் அடித்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னி, பிசைந்த மாவுபோல் இறுகிவிடும். பின்னர் எந்த இராட்டையும் அதை ஏற்காது. பின்தொடை, வயிறு ஆகிய இடங்களின் உரோமத்தை முதுகு உரோமத்தோடு கலக்காமல் தனியே கட்டினால் பாவுக்கு ஒன்று, ஊடைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை போடுவது தக்கணத்துக் கம்பளி நெய்வோரின் பழக்கம். பஞ்சு நூலுக்கு இடும் கஞ்சியைவிட அது முரட்டு நூலை நன்றாக அடக்கும். குட்டியின் முதற் கத்தரிப்பு மற்றெல்லாவற்றிலும் மென்மையானது. அதைச் சிறு பையில் தனியே கட்டி, ஆட்டின் அடையாள எண்ணையும் மாதத்தையும் பையின் மேல் எழுதிவைப்பாராக. எந்தப் பெட்டையின் குட்டி மென்மையான உரோமம் தந்தது என்பது அடுத்த ஆண்டு எதை நிறுத்துவது, எதை விற்பது என்று முடிவு செய்யும்போது பயன்படும்.